ஒரே இரவில் ஆற்றும் களிம்பு வேண்டாம்

குழந்தையின் டயப்பர் புண்ணுக்குக் களிம்பு வாங்கக் கிளம்பும் யாரிடமும் நான் முதலில் சொல்வது இது: "ராத்திரி தடவினால் காலையில் சிவப்பே இருக்காது" என்று சொல்லி யாராவது ஒரு டியூபை நீட்டினால், வாங்காமல் வந்துவிடுங்கள். அந்த வேகத்தில் சிவப்பை அடக்குகிற மருந்து அநேகமாக ஸ்டீராய்டாகத்தான் இருக்கும். மருத்துவர் சொல்லாமல் அது ஒரு கைக்குழந்தையின் டயப்பருக்குள் போகவே கூடாது. நல்ல டயப்பர் களிம்புக்கு இரண்டு மூன்று நாள் வேண்டும். ஈரத்தையும் மலத்தையும் தோலில் படவிடாமல் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. தொந்தரவு நின்றதும் தோல் தானாக ஆறிக்கொள்ளும்.

காங்கேயத்துக்கும் சென்னிமலைக்கும் நடுவில் எங்கள் ஊர். கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய் வருகிறார். வீட்டில் நானும் மாமனார் மாமியாரும். மகள் தவழத் தொடங்கிய சமயம், அக்னி நட்சத்திர வெயில். காதில் சீழ் வைத்து ஆன்டிபயாடிக் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அது முடிவதற்குள் பேதி பிடித்துக்கொண்டது. பிட்டத்திலும் தொடையின் உட்புறத்திலும் தோல் வெந்தது போலச் சிவந்துவிட்டது. ஈரத்துணி பட்டாலே காலை உதறிக்கொண்டு வீறிட்டு அழுவாள். பெற்றவளுக்கு அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு துடைக்கக் கை வராது. துடைக்காமல் விடவும் முடியாது.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "விளக்கெண்ணெய் போடு கண்ணு, உன் வீட்டுக்காரனுக்கெல்லாம் அதுதான் போட்டேன்" என்றார் மாமியார். பக்கத்துத் தோட்டத்து அக்கா பவுடர் டப்பாவோடு வந்தார். உறவில் ஒரு பெரியவர், இது அக்கி, குயவரிடம் கொண்டுபோய்க் காவி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். எல்லோருக்கும் குழந்தை மேல் இருந்த பிரியம் உண்மையானது. அன்றிரவு கணவர் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு மருந்துக் கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்தார். "எல்லோரும் இதைத்தானுங்க வாங்கிப் போகிறார்கள், காலையில் சரியாகிவிடுமுங்க" என்று கடையில் சொல்லியிருக்கிறார்கள்.

திருமணத்துக்கு முன்பு ஈரோட்டில் ஒரு மருந்து மொத்த விற்பனைக் கடையில் பில் போட்டவள் நான். எந்த மருந்து கைக்கு வந்தாலும் பின்பக்கத்தைப் படிக்காமல் திறப்பதில்லை. அந்த டியூப் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. வால்பக்க மடிப்பில் பாதி எழுத்து மறைந்திருந்தது. செல்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தோம். கிளோபெட்டசால் 0.05 சதவீதம், நியோமைசின் என்ற ஆன்டிபயாடிக், மைக்கோனசோல் என்ற பூஞ்சைக் கொல்லி. இடது மேல் மூலையில் சிவப்பில் ஆர்எக்ஸ் குறி. பக்கவாட்டில் பொடி எழுத்தில், பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின் பேரில் மட்டுமே சில்லறையில் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கை. சீட்டு இல்லாமல்தான் அது எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. மூடியைத் திறக்காமல் அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.

கிளோபெட்டசால் என்பது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமானது. பெரியவர்களின் உள்ளங்கை, உள்ளங்காலில் வரும் தடித்த நோய்களுக்கே மருத்துவர்கள் அதைக் கணக்குப் பார்த்துத்தான் எழுதுவார்கள். குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் தோற்பரப்பு நம்முடையதைவிட அதிகம். அதன்மேல் காற்றுப் புகாத டயப்பரை இறுக்கிக் கட்டிவிட்டால், பூசியது பன்மடங்கு உள்ளே இறங்கும். தோல் மெலியும். பூஞ்சை இருந்தால், மேலே சிவப்பு மறைந்துகொண்டே உள்ளே பரவும். தொடர்ந்து பூசினால் ஸ்டீராய்டு ரத்தத்தில் கலந்து, உடல் தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோனையே நிறுத்திவிடும். டயப்பர் புண்ணுக்கு இந்த வகைக் களிம்பைப் பூசி, முகம் உப்பி வளர்ச்சி குன்றிய குழந்தைகளைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியதும் இந்தக் கண்மூடித்தனமான பயன்பாட்டைப் பார்த்துத்தான். விதி வந்த பிறகும் அந்த டியூப் எங்கள் வீட்டுக்குள் வந்ததே என்பதுதான் என் ஆதங்கம். படித்துப் பார்க்க வாய்ப்பில்லாத எத்தனையோ வீடுகளுக்கு அது போய்க்கொண்டிருக்கும்.

ஒரு விஷயத்தைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கிளோபெட்டசால், கிளோட்ரிமசோல் என்று இரண்டு பெயர்கள் இருக்கின்றன. ஆங்கிலப் பொடி எழுத்தில் இரண்டின் தொடக்கமும் ஒன்றே. முன்னது நான் சொன்ன ஸ்டீராய்டு. பின்னது பூஞ்சைக் கொல்லி, தேவைப்பட்டால் குழந்தைக்கும் மருத்துவர் எழுதுவது. அவசரத்தில் ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிடக் கூடாது. பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன், ஃப்ளுவோசினலோன் என்று பின்பக்கம் எது இருந்தாலும் அதுவும் ஸ்டீராய்டே. சில சமயம் மருத்துவரே மிக லேசான ஹைட்ரோகார்ட்டிசோனை ஓரிரு நாளைக்கு எழுதுவதுண்டு. அது குழந்தையைப் பார்த்து, நாள் கணக்கு வைத்து எழுதுவது. கடையில் எடுத்துக் கொடுப்பதோடு அதைச் சேர்த்துப் பேசக் கூடாது.

மறுநாள் கிராம சுகாதாரச் செவிலியர் வந்தார். பேதிக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் 14 நாளைக்குத் துத்தநாக (ஜிங்க்) மாத்திரையும் கொடுத்துவிட்டு, புண்ணைக் குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொன்னார். மாத்திரையில் இருப்பதும் துத்தநாகம், டயப்பர் களிம்பில் இருப்பதும் துத்தநாகம் என்பதால் மாமனாருக்கு ஒரு சந்தேகம் வந்தது: அதே மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் என்ன? கூடவே கூடாது. மாத்திரையில் இருப்பது தண்ணீரில் கரைந்து குடலில் உறிஞ்சப்படும் உப்பு. களிம்பில் இருப்பது துத்தநாக ஆக்சைடு. அது தண்ணீரில் கரையாது, தோலுக்குள்ளும் இறங்காது. கரையாமல் மேலேயே நிற்பதால்தான் அது நல்ல தடுப்பாக இருக்கிறது.

டாக்டர் அம்மா குழந்தையைத் திருப்பிப் போட்டு, முதலில் தொடை இடுக்கின் மடிப்பை விரித்துப் பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். சாதாரண டயப்பர் புண் மேடான இடங்களில்தான் வரும், ஏனென்றால் டயப்பர் உரசுவது அங்கேதான். மடிப்பின் உள்பக்கம் தப்பித்துவிடும் என்றார். என் மகளுக்கு மடிப்புக்குள்ளும் அடர்ந்த சிவப்பு இருந்தது. ஓரத்தைத் தாண்டித் தனித்தனியாகச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தன. அதுதான் பூஞ்சையின் அடையாளம். ஆன்டிபயாடிக் கொடுத்த பிறகு இது வருவது சகஜம். குடலிலும் தோலிலும் இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்துவிட, பூஞ்சைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. கிளோட்ரிமசோல் களிம்பை மெல்லிசாகப் பூசி, அது உலர்ந்ததும் அதன்மேல் துத்தநாகக் களிம்பைக் கனமாகப் போடச் சொன்னார். சிவப்பு மறைந்த பிறகும் அவர் சொன்ன நாள்வரை பூஞ்சை மருந்தை விடாமல் போட்டோம். அந்த மேல்தட்டு டியூபைக் காட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. "இதை யாருக்கும் கொடுத்துவிடாதேம்மா" என்றார்.

புண் எப்படி வருகிறது என்பதையும் அவரே சொன்னார். அதைத் தெரிந்துகொண்டால் களிம்பைத் தேர்ந்தெடுப்பது எளிது. ஆரோக்கியமான தோல் சற்றே அமிலத்தன்மை உடையது. சிறுநீரும் மலமும் கலந்து தங்கும்போது மலத்திலுள்ள நுண்ணுயிர்கள் சிறுநீரிலுள்ள யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன. தோலின் அமிலத்தன்மை போய்க் காரத்தன்மை ஏறுகிறது. அந்தக் காரத்தில் மலத்திலுள்ள செரிமான நொதிகள் விழித்துக்கொண்டு, ஊறிப்போன தோலையே அரிக்கத் தொடங்குகின்றன. பேதியில் இந்த நொதிகள் இன்னும் அதிகமாக வரும். ஆகவே அமிலம், காரம், வாசனை, எரிச்சல் எதையும் கொண்டுவராத, தண்ணீர் ஒட்டாத பூச்சு ஒன்று இருந்தால் போதும்.

கடையில் நான் பார்ப்பது இவ்வளவுதான். துத்தநாக ஆக்சைடு எத்தனை சதவீதம்? 10 முதல் 40 வரை கிடைக்கிறது. தினசரி முன்னெச்சரிக்கைக்குக் குறைந்த அளவு போதும், சிவந்திருக்கும்போது கூடுதலானது நல்லது. மருந்து உரிமத்தின் பேரில் வரும் களிம்பில் ஒவ்வொரு பொருளின் அளவும் எழுதியிருக்கும், பெயருக்குப் பக்கத்தில் இந்திய மருந்தியல் நூலைக் குறிக்கும் ஐ.பி. என்ற எழுத்துகளும் இருக்கும். அழகுசாதனமாக வருவதில் பொருள்களின் பட்டியல் மட்டும் இருக்கலாம். பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு நிம்மதி. வாசனைத் திரவியம் இருந்தால் எடுப்பதில்லை. பச்சைத் தோலில் எரிச்சலுக்கும் ஒவ்வாமைக்கும் அது ஒரு முக்கியக் காரணம். கற்பூரம், மென்தால், பீனால், சாலிசிலேட், போரிக் அமிலம் இருந்தால் தொடவே மாட்டேன். போரிக் அமிலம் புண்பட்ட தோல் வழியாக உள்ளே போய்க் குழந்தைகளின் உயிரையே வாங்கியிருக்கிறது. கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். மரத்துப் போகச் செய்யும் பென்சோகெயின், ரத்தம் ஆக்சிஜனைக் கொண்டுசெல்வதையே கெடுத்துவிடும். பதப்படுத்தும் பொருள்களில் புரோபைல், பியூட்டைல் பாராபென் இரண்டையும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் டயப்பர் பகுதியில் பூசும் பொருள்களில் ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தடை செய்தது. நம் கடைகளில் அந்தப் பெயர்கள் தென்பட்டால் நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன்.

முன்பக்கத்தில் குழந்தைப் படம், இயற்கை, மூலிகை, தோல் மருத்துவர்கள் சோதித்தது என்று எது எழுதியிருந்தாலும் எனக்கு அது கணக்கில்லை. மூலிகைக் களிம்பில் வேப்பெண்ணெயும் வாசனை எண்ணெய்களும் கலந்திருந்தால் அவையும் எரியும்.

வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லியைக் குறைவாக நினைக்க வேண்டாம். வாசனை சேர்க்காத சாதாரண ஜெல்லி, விலையும் குறைவு, புண் இல்லாத நாட்களில் அதுவே போதும்.

வீட்டு வைத்தியங்களுக்கு வருகிறேன். மாமியார் சொன்ன விளக்கெண்ணெயில் நியாயம் இருக்கிறது. கொட்டமுத்து ஆட்டி எடுத்த எண்ணெய் கெட்டியானது, தண்ணீரைத் தள்ளும். துத்தநாகமும் விளக்கெண்ணெயும் சேர்ந்த களிம்பு பிரிட்டிஷ் மருந்தியல் நூலிலேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது. இதை அவரிடம் சொன்னபோது அவருக்கு வந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! காங்கேயத்துத் தேங்காயெண்ணெய்க்கும் புண் இல்லாத தோலில் இடமுண்டு. ஆனால் அது சீக்கிரம் வழிந்துவிடும், பேதிக்கு முன்னால் நிற்காது. அதனால் குளிப்பாட்டுவதற்கு முன் உடம்புக்குத் தேங்காயெண்ணெய், டயப்பர் கட்டுமுன் துத்தநாகம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மஞ்சளும் பாசிப்பயறு மாவும் வெந்த தோலில் வேண்டாம். மாவுத்துகள் மடிப்பில் தங்கி உரசும். பவுடரும் அப்படித்தான், ஈரத்தில் உருண்டு திரளும். அதோடு, கொட்டும்போது எழும் தூசியைக் குழந்தை மூச்சில் இழுத்தால் நுரையீரலுக்குக் கேடு. அக்கி என்று சொன்ன பெரியவரிடம் டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன்: நீர்க்கொப்புளமாக இருந்தால் குழந்தைக்கு அவசரமாக வைத்தியம் பார்க்க வேண்டும், காவி எழுதக் காத்திருக்கக் கூடாது. பெரியவரும் ஏற்றுக்கொண்டார்.

பூசும் முறையில்தான் பலரும் களிம்பை வீணாக்குகிறார்கள். முதலில் தோல் நன்றாகக் காய வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சென்னிமலைப் பெட்ஷீட்டை நாலாக மடித்துத் திண்ணையில் விரித்து, கொஞ்ச நேரம் ஒன்றும் கட்டாமல் குப்புறப் போட்டு விளையாட விடுவேன், கண் எடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு. எந்தக் களிம்பைவிடவும் அந்தக் காற்றுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு களிம்பு: தேய்த்துத் தோலுக்குள் ஏற்றக் கூடாது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி, தோலின் நிறம் தெரியாத அளவு வெள்ளையாகப் படிய வேண்டும். அடுத்த முறை டயப்பர் மாற்றும்போது அந்த வெள்ளையை முழுக்கச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை. மேலே ஒட்டிய அழுக்கை மட்டும் நீக்கிவிட்டு, குறைந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அப்பினால் போதும். சுரண்டுவதுதான் புண்ணைக் கிளறும். முழுக்க எடுக்க வேண்டிய நேரத்தில் தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் ஒற்றினால் வலிக்காமல் வந்துவிடும்.

புதுக் களிம்பை முதல் முறையே புண்ணில் போடுவதில்லை. முழங்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டு வைத்து, மறுநாள்வரை பார்த்த பிறகுதான். வீட்டில் இரண்டு குழந்தைகள் இருந்தால் ஆளுக்கொரு டியூப். விரல் விட்டு எடுக்கும் டப்பாவைவிட டியூப் சுத்தமானது. டயப்பர் மாற்றும்போது கையில் விளையாடக் கொடுக்கும் பொருளாக மட்டும் அந்த டியூப் ஆகிவிடக் கூடாது, மூடியைக் கடித்துத் திறந்துவிடுவார்கள்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும்: தண்ணீர். கோவைக்காரர்களுக்குச் சிறுவாணி இருக்கிறது. எங்களுக்குக் குடிக்க மட்டும்தான் நல்ல தண்ணீர், துணி துவைக்க ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான். அதில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் சோப்பைப் போடுவோம். அந்தச் சோப்பு தண்ணீரின் சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காகத் துணியிலேயே படியும். துணி நாப்கின் காய்ந்ததும் அட்டை மாதிரி விறைப்பாக நின்றால் அதுதான் காரணம். அந்த விறைப்பு தோலை உரசும், அந்தப் பிசுக்கு எரியும். சோப்பைக் குறைத்து, கடைசி அலசலை மட்டும் நல்ல தண்ணீரில் செய்து, வெயிலில் உலர்த்தினோம். துணி மிருதுவானது. கிருமிநாசினித் திரவமும் வாசனைக் கண்டிஷனரும் நாப்கின் துவைக்க வேண்டாம்.

துணி நாப்கினில் இன்னொரு சங்கதி. துத்தநாகக் களிம்பு துணியில் பட்டால் எளிதில் போகாது, துணியின் உறிஞ்சும் தன்மையையும் குறைத்துவிடும். மாமனாரின் பழைய வேட்டியைப் பட்டைப் பட்டையாகக் கிழித்து உள்ளே விரித்தோம். நல்ல துணி தப்பித்தது. கடை டயப்பரிலும் ஜெல்லியை அளவுக்கு மீறி அப்பினால் மேல்தாள் அடைபட்டு ஈரம் உள்ளே போகாது. டயப்பரை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையாவது மாற்ற வேண்டும், மலம் போனால் அந்தக் கணமே. "இன்னும் நிறையவில்லை" என்று சிக்கனம் பார்க்கும் இடம் இதுவல்ல. ஈரத் துடைப்பான்கள் பயணத்துக்கு மட்டும், அதுவும் வாசனையும் ஆல்கஹாலும் இல்லாதவை. புண் இருக்கும்போது அவையும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து இரண்டு மூன்று நாளில் சிவப்பு குறையவில்லை என்றால், வேறு களிம்பைத் தேடாமல் குழந்தையைக் காட்டுங்கள். காய்ச்சல், சீழ், ரத்தம், கொப்புளம், டயப்பர் பகுதியைத் தாண்டிப் பரவுவது, வாயிலும் வெள்ளைப் படலம் என எது இருந்தாலும் அன்றே போக வேண்டும். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை என்றால் எதையும் தடவும் முன் மருத்துவர் பார்க்கட்டும். இரவில் யாரைக் கேட்பது என்று தெரியாதவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

கடையில் பெயர் எதுவும் சொல்லிக் கேட்க வேண்டியதில்லை. "துத்தநாக ஆக்சைடு மட்டும் இருக்கிற டயப்பர் களிம்பு கொடுங்க, ஸ்டீராய்டு, வாசனை எதுவும் சேரக் கூடாதுங்க" என்று கேளுங்கள். எடுத்துக் கொடுத்ததும் பணம் கொடுப்பதற்கு முன் அட்டைப் பெட்டியிலிருந்து டியூபை வெளியே எடுத்து, மடிப்பை நிமிர்த்தி, பின்பக்கத்தைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். தெரியாத பெயர் இருந்தால் செவிலியருக்கோ மருத்துவருக்கோ அந்தப் படத்தை அனுப்பிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். அன்றைக்குச் சரியானது கிடைக்கவில்லையா, வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி ஒரு டப்பா வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். ஒரு ராத்திரிக்கு அது தாங்கும்.